முனை மழுக்கிய வெள்ளைக் கல்

அப்பா கையை ஓங்கினால் அம்மா சமையலறைக்குள்தான் ஓடுவாள். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் ஓடுவதற்கு வேறு இடம் கிடையாது. ஒரே அறை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சமையலறை. மூன்று பக்கமும் சுவர். உள்ளே போனால் மாட்டிக்கொள்வோம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் ஓடினாள்.

அந்தச் சமையலறையின் மேடை கடப்பா கல். எங்கோ வேலையில் மிஞ்சிய கறுப்புப் பலகையை வீட்டுக்காரர் கொண்டுவந்து இரண்டு செங்கல் சுவர்கள்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். முன்விளிம்பைத் தேய்க்கவில்லை. வெட்டியது வெட்டியபடியே இருந்தது. துணி பட்டால் நூல் இழுக்கும். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று அப்பா அம்மாவின் கொண்டையைப் பிடித்து அந்த விளிம்பில் மோதினார். மூன்று முறை. நான் வாசற்படியில் நின்று எண்ணினேன். இடது புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அம்மா அழவில்லை. ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு, "சோத்த எறக்கு பாப்பா, கொழைஞ்சிடும்" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். எப்படி ஆனது என்று நர்ஸ் கேட்டார்.

"வயுக்கி வுட்டுக்கினு கல்லு மேல வுழுந்துட்டேம்மா."

"மூணு தடவையா?" என்றார் நர்ஸ், காயத்தைப் பார்த்தபடியே. அம்மா சிரித்தாள்.

அப்பா குடிப்பவர் அல்லர். கேட்பவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டினார். சவாரி கொடுப்பவர்களிடம் அவ்வளவு தன்மையாகப் பேசுவார். சிமென்ட் மூட்டையைத் தனியாளாக இறக்குவார். அந்தக் கை வீட்டுக்கு வந்தால் வேறு கையாகிவிடும்.

அந்த ஐந்து தையல் நாளில்தான் முடிவு செய்தேன். அம்மாவின்மேல் ஒரு கை விழாத வீடு ஒன்றை நான் கட்டுவேன், அல்லது வாங்குவேன். அதற்குத்தான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளியை முடித்த முதல் ஆள், கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு குளிர் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அடையாறில் ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் சின்ன வீடொன்றை வாங்கினேன். படுக்கையறையையும் கூடத்தையும் அப்படியே விட்டுவிட்டு, சமையலறையை மட்டும் முழுவதுமாக இடிக்கச் சொன்னேன். மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் கல் போடவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் மயிலாப்பூரில் ஒரு வீடு. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு மாமி வீட்டில் அம்மா பதினைந்து வருடம் பாத்திரம் துலக்கி, காய் நறுக்கி, அடுப்பைத் துடைத்தாள். மாமி சமையலறையைப் புதுப்பித்து வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை போட்டபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஒருநாள் அம்மாவைக் கூப்பிடப் போனவள், பை கனத்ததால் அதை அந்த மேடையில் வைத்துவிட்டேன்.

"எடு, எடு! கீறல் விழுந்துடப் போறது. இது ஒண்ணும் கடப்பா இல்லடியம்மா" என்றாள் மாமி.

கெட்ட மனுஷி இல்லை. என் பரீட்சைக் கட்டணத்தை இரண்டு முறை கேட்காமலே கொடுத்தவள். ஆனாலும் அந்த "இல்லடியம்மா" என் காதைவிட்டுப் போகவில்லை.

அந்த மேடையில் சூடாக எதையும் வைக்கக்கூடாது என்பது மாமியின் சட்டம். ஒருமுறை கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை இறக்கிய அம்மா, மாமி மரப்பலகையைத் தேடி எடுத்து வரும்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிடிதுணி நழுவி மணிக்கட்டு வெந்தது. "கீழ வெக்க எடமில்ல, இன்னா பண்றது" என்று அதை என்னிடம் ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொன்னாள்.

கல் வாங்க அம்மாவையும் அழைத்துப் போனேன். அடையாறில் ஒரு சந்துக்குள் இருந்த கடை. பலகைகள் புத்தகம் அடுக்கியதுபோலச் சாய்ந்து நின்றன. கடைக்காரர் பாய்க்கு அறுபது வயதிருக்கும், தாடியிலும் கல் தூள்.

"கறுப்பே எடு பாப்பா, கற தெரியாது" என்றாள் அம்மா.

"கறை தெரியணும்மா. தெரிஞ்சாத்தான் துடைப்போம்."

"தொடைக்கறது நானு. நீயா தொடைக்கப் போற?"

பாய் சிரித்தார். பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னார். "இது மலையில வெட்டி எடுத்த பலகை இல்லம்மா. குவார்ட்ஸ் கல்ல ஒடச்சு, நொறுக்கி, தூளாக்கி, பிசின் ஊத்தி, மிஷின்ல போட்டு நசுக்கி நசுக்கிப் பலகையாக்குறாங்க. அதனால தண்ணி உள்ள எறங்காது. கிரானைட்டுக்கு மாதிரி மேல எதுவும் பூச வேணாம். மஞ்சள் சிந்துச்சா, ஈரத் துணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, அவ்ளோதான். கம்பி நாரு போடாதீங்க, பளபளப்பு போயிடும். பாத்ரூம் ஆசிட்டு பக்கத்துலயே வரக்கூடாது."

"சூடு?"

"அதான் இதுக்கு உயிர்நிலை. அங்க அடிச்சா செத்துடும். கல்லு தாங்கும், பிசின் தாங்காது."

ஒரு பலகையை வெயிலுக்குத் தூக்கி வரச் சொன்னேன். கடை விளக்கில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். மட்டமான கல்லைச் சாய்வாகக் குனிந்து பார்த்தால் பளபளப்பில் ஊசிக்குத்துகள் தெரியும் என்று படித்திருந்தேன். பார்த்தேன், இல்லை. ஒரு துண்டின்மேல் மஞ்சள் தண்ணீரையும் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிவிட்டு, டீ குடித்து முடித்து வந்து துடைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது. மாமி வீட்டுக் கல்லில் சாம்பல் கோடுகள் உண்டு. நான் எடுத்தது கோடே இல்லாத வெள்ளை.

பிறகு விளிம்பு. சதுர விளிம்பு, அரை வட்டம், முழு வட்டம் என்று சின்னச் சின்ன மாதிரிகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் எடுத்து என் புருவத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். அப்புறம் கொஞ்சம் இடித்தும் பார்த்தேன்.

அங்கே பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த ஆள் மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னா மேடம், முட்டிப் பாத்து வாங்குறீங்க? ஆட்டுக்கெடாவா வாங்குறீங்க?" என்றார்.

பாயும் சிரிக்க ஆரம்பித்தார். அப்போது அவர் கண் அம்மாவின் இடது புருவத்துக்குப் போனது. சிரிப்பு நின்றது. அம்மா முந்தானையை இழுத்து நெற்றியில் விட்டுக்கொண்டாள்.

"முழு வட்டமே போட்டுடுறேன். மூலையெல்லாம் மழுக்கிக் குடுத்துடுறேன்" என்றார் பாய்.

கல் பதித்த நாளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை போட வட்டக் கத்தியை வைத்தார்கள். கத்தி கல்லைத் தொட்டதும் எழுந்த அலறலில் கீழ்வீட்டு நாய் ஊளையிட்டது. வெள்ளைத் தூள் புகையாக எழுந்து அறையை மூடியது. வெட்டியவர் வாயில் கட்டிய துணியோடு இருமினார். தண்ணீர் ஊற்றி வெட்டச் சொன்னேன். நேரமாகும் என்றார். ஆகட்டும் என்றேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "கல்லக் கொல்றாங்களா இன்னா?" என்று கேட்டாள்.

அப்பா திருப்பதிப் பக்கம் லோடு போயிருந்த மூன்று நாளில் அம்மாவைக் கூட்டி வந்தேன். ஒரே ஒரு பை.

"அந்தாளு சோத்துக்கு இன்னா பண்ணும்?"

"ஓட்டல்ல துன்னும்."

"நாலு நாளு இருந்துட்டுப் போயிடுவேன், ஆமா."

ஐந்தாவது நாள் அவள் போகும் பேச்சை எடுக்கவில்லை. மாமி வீட்டு வேலையையும் விடச் சொன்னேன். விட்டாள். என் வீட்டில் மேடைக்கான சட்டங்களை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை. காய் நறுக்கப் பலகை. மஞ்சள் சிந்தினால் உடனே துணி. தினமும் காலையில் கேட்பேன், அவள் ஒப்பிப்பாள். நான் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்ததுபோல. தப்பாகச் சொன்னால் திருத்துவேன். ஒருநாள் தக்காளிச் சாறு காய்ந்துபோய்க் கிடந்ததைப் பார்த்து அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அம்மா குனிந்து துணியை எடுத்துத் துடைத்தாள். அன்று அதை நான் வன்முறை என்று நினைக்கவில்லை. சுத்தம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை எட்டு மணிக்கு அப்பா வந்தார். கதவை உதைத்தார். தாழ்ப்பாள் ஆணியோடு பெயர்ந்தது. நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு நேரே உள்ளே போனார். அம்மா எங்கே ஓடியிருப்பாள் என்று அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை.

"சொகுசு கேக்குதாடி ஒனக்கு? சொகுசு?"

கொண்டையைப் பிடித்தார். அவர் கைக்கு அந்த அசைவு பழகியிருந்தது. இழுத்து, திருப்பி, குனியவைத்து, மோதினார். அம்மாவின் புருவம் வெள்ளை விளிம்பில் பட்டது. சத்தம் வேறாக இருந்தது. மழுங்கிய சத்தம். அவர் இரண்டாவது முறைக்குத் தலையைத் தூக்குவதற்குள் நான் பூரிக்கட்டையை எடுத்திருந்தேன். அவருடைய வலது கை மேடையில் ஊன்றியிருந்தது. என் பலம் முழுவதையும் சேர்த்து அந்தக் கையின்மேல் இறக்கினேன். எலும்பு ஒடியும் சத்தம் சுள்ளி ஒடிவதுபோல இருக்கும் என்பார்கள். இல்லை. பச்சை முருங்கைக்காயை முறிப்பதுபோல இருந்தது.

"பெத்த அப்பன் மேலயே கை வெக்கிறியாடி?"

"வெச்சாச்சு. இன்னொரு கையும் ஒடையணுமா?"

மறுபடி ஓங்கினேன். அவர் பின்வாங்கினார். என் வாழ்நாளில் அப்பா பின்னோக்கி நடந்ததை அன்றுதான் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அம்மாவின் புருவம் வீங்கியிருந்தது. பிளக்கவில்லை. ஐஸ் வைத்துக்கொண்டே நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். விளிம்பைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அந்தாளுக்கு எலும்பு வுட்டுடுச்சா?" என்று கேட்டாள் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. "வுட்டா இன்னா?" என்றேன்.

அடுத்த இரண்டு மாதம் என் நடை மாறியிருந்தது. அலுவலகத்தில் எவராவது குரலை உயர்த்தினால் என் கையைப் பார்த்துக்கொள்வேன். அடித்தவனையே அடித்துத் துரத்தியவள் நான். என் வீட்டில் அம்மாவின்மேல் எவன் கையும் விழாது. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அம்மா வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். மீன் வாசனையோடு இன்னொரு வாசனை வந்தது. பிளாஸ்டிக் கருகுவதுபோல. எழுந்து ஓடினேன். அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டி வெறும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. பிரிமணை ஆணியில் தொங்கியது. அம்மா தட்டில் மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி. அவள் பாடுவதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அன்று அதுகூட என் காதில் ஏறவில்லை.

பிடிதுணியால் சட்டியைத் தூக்கித் தொட்டிக்குள் எறிந்தேன். கல்லில் பழுப்பு வளையம். வளையத்திலிருந்து ஒரு மயிரிழை விரிசல் விளிம்பை நோக்கி ஓடியிருந்தது.

அம்மாவை அறைந்தேன்.

இடது கன்னம். விரல்களை விரித்த முழுக் கை. அவள் தட்டு விழுந்தது. "எத்தினி தடவ சொன்னேன்? எத்தினி தடவ? எத்தினி தடவ?" ஒவ்வொரு சொல்லுக்கும் கை போனது. தோளில், முதுகில், தலையைக் காக்கத் தூக்கிய முழங்கையில். அவள் மணிக்கட்டைப் பிடித்து அந்த வளையத்தின்மேல் வைத்து, "பாரு, பாரு" என்று இடித்தேன். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அவள் ஓடினாள். கதவு என் பக்கம் இருந்ததால் வெளியே போக முடியவில்லை. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கினாள்.

எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. அப்பா அடித்ததை எண்ணியவள், நான் அடித்ததை எண்ணவில்லை.

நான் மூச்சு வாங்கி நின்றபோது, அவள் அந்தச் சந்திலிருந்தே சொன்னாள். "மாமி வூட்ல பயந்து பயந்து வெப்பேன் பாப்பா. இது நம்ம வூடாச்சேன்னு வெச்சுட்டேன்."

பிறகு வெளியே வந்தாள். தரையில் கிடந்த மீன் துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மா போற?"

"அங்கியே போறேன்."

"அந்தாளு உன்னைக் கொன்னுடுவான்."

"அங்க அடி வாங்குனா பக்கத்து வூட்ல ஐயோ பாவம்னாவது சொல்லுவாங்க. இங்க வாங்கிக்கினு, பொண்ணு வூட்ல மகாராணியா கீறேன்னு சொல்லிக்கினு திரியணும்." செருப்பை மாட்டியவள் திரும்பினாள். "அவன் கைய நீ ஒடச்ச. ஒன் கைய யாரு ஒடப்பா?"

போய்விட்டாள்.

அவள் பின்னாலேயே ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. சமையல் சோடாவைக் குழைத்து அந்த வளையத்தின்மேல் பூசித் தேய்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். பழுப்பு கொஞ்சமும் அசையவில்லை. பாய்க்குப் போன் செய்தேன்.

"அது கறை இல்லம்மா, வெந்த காயம். தேச்சா போகாது. மிஷின் போட்டா பள்ளம் விழும், பளபளப்பும் மாறிடும். விரிசலுக்கு வேணா பிசின் வெச்சு அடைக்கலாம்" என்றார். பிறகு, "அம்மா கையில எதுவும் சுட்டுக்கலயே?" என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை. சட்டியைத் தூக்கி எறிந்தபோது எண்ணெய் அவள்மேல் தெறித்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அடையாறு பாலத்தைத் தாண்டி மந்தைவெளி வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் இன்னும் கட்டு. அம்மா உள்ளே அந்தக் கடப்பா மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், பை மடியில். அவள் வலது முழங்கைக்குக் கீழே மூன்று கொப்புளங்கள். நான் தெறிக்கவைத்த எண்ணெய்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"வாடி ராஜாத்தி, வா. நீ என் ரத்தம்டி. உங்கம்மா கன்னத்துல வெரலு பதிஞ்சிருக்குது பாரு, அஞ்சும் அப்டியே கீது. நா அடிச்சாகூட இவ்ளோ சுத்தமா வுழாது."

நான் அவரைத் தாண்டி உள்ளே போகக் குனிந்தேன்.

"நா சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான். இவளக் கண்டா கை சும்மா இருக்காதுன்னு. இப்ப நீயே சொல்லு. படிச்ச பொண்ணு, சொல்லு. இருக்குமா?" கட்டுப் போட்ட கையை நீட்டி என் தோளைத் தட்டினார். தோழனைத் தட்டுவதுபோல. வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோதுகூட அவர் இப்படித் தட்டியதில்லை.

அவரை மறுபடி அடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்தால் அவர் சொன்னது மெய்யாகிவிடும். அடிக்காவிட்டாலும் மெய்தான்.

உள்ளேயிருந்து அம்மா எழுந்து வந்தாள். எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கசாப்புக் கடையில் இரண்டு கத்திகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். பிறகு என்னிடம், "ஆனா இந்தாளாண்ட கேக்கறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல. ஒன்னாண்ட ஒரு தபா கேட்டுப் பாக்கலாம். நட."

"எங்கடி போற?" என்று அப்பா எழுந்தார். ஸ்டூல் சரிந்தது. இடது கையால் அவள் பையைப் பிடித்து இழுத்தார். அம்மா பையை விட்டுவிட்டாள். அவர் பையோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். நாங்கள் நடந்தோம். அவள் துணி எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் ஆட்டோவை நிறுத்தினேன். கொப்புளத்துக்கு மருந்து வாங்கி வந்தேன். பூச விடவில்லை. தானே பூசிக்கொண்டாள். என்ன கேட்கப்போகிறாள் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, "இங்க வா" என்று கூப்பிட்டாள். சமையலறைக்குப் போனேன். அடுப்பில் இரும்புத் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மாவு ஊற்றவில்லை. வெறும் கல். மேலே புகை கிளம்பியது. அவள் அடுப்பை அணைத்தாள். பிடிதுணியால் தோசைக்கல்லைத் தூக்கினாள். பழைய வளையத்தின் பக்கம் போகவில்லை. மேடையின் நடு மையத்துக்கு, ஒரு புள்ளிகூட இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய், என் கண்ணைப் பார்த்தபடி வைத்தாள்.

சர்ர்ரென்றது. அந்தக் கருகல் நாற்றம் எழுந்தது. இரண்டு நொடியில் கல்லுக்குள் எங்கோ டிக்கென்று ஒரு சத்தம்.

அம்மா நகரவில்லை. முகத்தை என் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நேற்றைய விரல் தடம் கன்னத்தில் ஊதா நிறமாகியிருந்தது.

"அடி" என்றாள்.

என் கை எழுந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. தோள்வரைக்கும் எழுந்தது. பலகையை வெயிலில் வைத்துப் பார்த்ததும், மாமியின் குரலும், கோடில்லாத அந்த வெள்ளையும் என் விரல்களுக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. தோசைக்கல்லுக்கு அடியில் இன்னொரு டிக். அம்மாவின் இமை துடித்தது. கண்ணை மூடவில்லை.

கை இறங்கியது. நான் இறக்கினேனா, தானாக இறங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன். அம்மா தோசைக்கல் இரைவது அடங்கும்வரை பார்த்தாள்.

"சரி" என்றாள். "தட்டு எடு. தோச ஊத்தறேன்."

அப்பா அதன் பிறகு இந்த மாடி ஏறவில்லை. பாய் வந்து விரிசல்களுக்குள் வெள்ளைப் பிசினை வைத்து அடைத்துக் கொடுத்தார். இரண்டு வளையங்களையும் பார்த்துவிட்டுப் போனார். பலகையை மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. காலையும் மாலையும் ஈரத் துணியில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு நான்தான் துடைக்கிறேன். வளையங்களின்மேல் துணி ஓடும்போது ஒரு சொரசொரப்பு கைக்குத் தெரிகிறது. அலுவலகத் தோழிகள் வந்தால் ஐயோ, இவ்வளவு நல்ல கல்லில் இது என்ன என்று கேட்கிறார்கள். சூடு வைத்தது என்கிறேன். யார் வைத்தது என்று கேட்டால், நாங்கள் என்கிறேன்.

அம்மா சட்டியைப் பிரிமணையில்தான் வைக்கிறாள். சில நாள் வைப்பதில்லை. அப்போது நான் கூடத்துக்குப் போய் நின்றுகொள்கிறேன்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியில் காபித் தூள் டப்பாவை எடுக்க நான் கை தூக்கினால், பக்கத்தில் நிற்கும் அம்மாவின் தலை லேசாகச் சாய்கிறது. அவளுக்கே தெரியாமல்தான் சாய்கிறது. அடுத்த நொடியே நிமிர்ந்துவிடுகிறாள், பேச்சும் நிற்பதில்லை. போன வாரம் அந்த அலமாரியைக் காலி செய்துவிட்டேன். டப்பாக்களையெல்லாம் கீழே, இடுப்புக்குக் கீழே இருக்கும் இழுப்பறைகளில் அடுக்கியிருக்கிறேன்.